வாசகர் கேள்வி பதில்: ஒழுங்கையில் இரவுக் காவல்

கேள்வி: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்கி நகைகளைத் திருடிவிட்டார்கள். இளைஞர்கள் இரவுக் காவலுக்கு ஆயத்தமாகிறார்கள். அகப்படுபவரைப் பிடித்து வைக்கச் சட்டம் இடமளிக்கிறதா?
- வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: இடமளிக்கிறது, ஆனால் எல்லையோடுதான். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவின்படி, தம் கண்முன்னே களவு போன்ற பாரிய குற்றத்தைச் செய்பவரைப் பொதுமகன் ஒருவர் பிடிக்கலாம். வீண் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தும் விட வேண்டும். மரத்தில் கட்டி அடிப்பதற்கு எந்தச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை. அடித்தவர்தான் பிறகு நீதிமன்றத்துக்கு அலைய நேரிடும், பிடிபட்டவர் வழிதவறி வந்த அப்பாவியாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே பொல்லைவிட ரோர்ச் லைற்றும் தொலைபேசியும் முக்கியம். கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் காவலிருப்போரின் பெயர்களை முன்னரே கொடுத்துவையுங்கள். அவசரத்துக்கு 119 இருக்கிறது.

இருபத்தைந்து நாள் திருவிழாவில் வீட்டார் அனைவரும் ஒன்றாகத் தேருக்குப் புறப்படுவதும், படலையில் வெளியே பூட்டுத் தொங்குவதும், கிணற்றடியில் ஏணி சாத்தியிருப்பதும் திருடனுக்கு நாமே அனுப்பும் அழைப்பிதழ்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திருக்கும் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தால் கவனம் இன்னும் தேவை. தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது நல்லது. அலுமாரியில் சேலைக்கடியில் ஒளிப்பது திருடர்களும் அறிந்த பழைய வழக்கம்.

களவு நடந்துவிட்டால், பொலிஸார் வரும்வரை அலுமாரியையோ கதவையோ தொடாதீர்கள். துயரம் விசாரிக்க வருபவர்களை, அவர்கள் மனங்கோணினாலும், விறாந்தையிலேயே இருத்துங்கள்.