கார்லைல் 1912: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் தோர்ப்பையும் அவர் ஆடிய கார்லைல் பள்ளி அணியையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் என்பதால் ஒன்று உறுத்தியது. அந்தப் பள்ளியைக் கொடுமையான இடம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தப் பள்ளியும் வார்னர் என்ற கோச்சும் இல்லாவிட்டால் ஓக்லஹோமாவில் எங்கோ பிறந்த தோர்ப்பை யாருக்குத் தெரிந்திருக்கும்? பையன்களை ஆளாக்கிய இடத்தைக் குறை சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம். அவர்களுக்கு,

மைதானத்தில் பையன்களோடு முப்பது வருடம் நின்ற ஒருவர் கேட்கும்போது கட்டுரையில் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பள்ளி. பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினாலும் கார்லைல் கல்லூரி அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளுக்காக 1879-ல் பென்சில்வேனியாவில் ஒரு பழைய ராணுவ முகாமில் அரசு தொடங்கிய உண்டு உறைவிடத் தொழிற்பள்ளி. வந்ததும் முடியை வெட்டினார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச் சொல்லி, அதுதான் இனி உன் பெயர் என்றார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. வீடு திரும்பாமல் அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகள் 180-க்கும் மேல்.

இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் 1912-ன் அணி கிளம்பியது. செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை, பத்து வாரத்தில் 14 ஆட்டங்கள். 12 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. மொத்தம் எடுத்த புள்ளிகள் 504. பெரும்பாலும் வெளியூர் ஆட்டங்கள்தான், ஏனென்றால் டிக்கெட் பணம் பெரிய நகரங்களில்தான் கிடைக்கும். அக்டோபர் 26, சனிக்கிழமை ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியை 34-20 என்று வென்றவர்கள், திங்கட்கிழமை கனடாவின் டொரொன்டோவில் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அதையும் 49-1 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் இடைவெளி, அதிலும் ரயில் பயணம்! எந்த பி.டி. வாத்தியாரும் தன் பையன்களை இப்படி ஆட விடமாட்டார்.

நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பயிற்சிக் கல்லூரி. எதிரே ராணுவ அதிகாரிகளாகப் போகிற இளைஞர்கள். அமெரிக்க ராணுவம் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்று அப்போது 22 வருடம்கூட ஆகவில்லை. கார்லைல் 27-6 என்று வென்றது. இந்த ஆட்டத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தோர்ப்பையே சொல்கிறார்கள். அவர் ஓட்டம் அன்று அபாரம்தான். ஆனால் மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டவர் அலெக்ஸ் அர்காசா. கார்லைலின் ஜோ கயனை அடக்க முடியாமல் அடித்ததற்காக ராணுவ அணியின் கேப்டனே வெளியேற்றப்பட்டார். அணியை நடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், விஸ்கான்சினைச் சேர்ந்த ஒஜிப்வே பூர்வகுடிப் பையன். (பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் எதிரணியில் ஆடினார். அவர் முழங்காலை தோர்ப் உடைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையில் ஐசன்ஹோவரின் ஆட்டத்துக்கு முடிவு கட்டிய காயம் அடுத்த வாரம் டஃப்ட்ஸ் அணியோடு ஆடும்போது பட்டது.)

வார்னர் பெரிய ஆட்ட மூளைக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தை முன்னோக்கி எறிய 1906-ல் விதி அனுமதித்தது. அடுத்த வருடமே அதை ஆயுதமாக்கி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று தோற்கடித்தார். ஆனால் அந்த உத்தியெல்லாம் எதை நம்பி? எடை குறைந்த, வேகமான, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற அந்தப் பையன்களை நம்பித்தான். அவர் அவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே அவர்களும் அவருக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தோர்ப் இரண்டு தங்கம் வாங்கினார். முன்பு சில மாதங்கள் சிறு லீக்குகளில் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்ற செய்தி 1913 ஜனவரியில் வெளிவந்தது. காசுக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்று பதக்கங்களைப் பறித்தார்கள். வார்னர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். தோர்ப் 1953-ல் இறந்து 30 வருடம் கழித்துத்தான் அவர் குடும்பத்துக்குப் பதக்கங்கள் வந்தன. அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் என்று அவர் பெயரைத் திரும்ப எழுத 2022 ஆனது.

உங்கள் கேள்விக்கு என்னைவிடச் சரியாகப் பதில் சொன்னவர் வெல்ச். அந்தப் பள்ளியின் நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்று 200-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். 1914-ல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்தது. குழுவின் முன்னால் உட்கார்ந்து, வார்னர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டுவதையும் அவர் நடத்தையையும் வெல்ச் சொன்னார். பள்ளிக் கண்காணிப்பாளரின் பதவி போனது. வார்னரும் அடுத்த வருடம் பிட்ஸ்பர்க் போய்விட்டார். பள்ளி 1918-ல் மூடப்பட்டது.

இதைச் செய்தவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாணவர் இல்லை. அந்த இடத்தின் புகழுக்குக் காரணமான அணியின் குவார்ட்டர்பேக். மனு போட்டால் தனக்கு என்ன நஷ்டம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் 1912-ஐ அந்தப் பள்ளியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வெல்ச் பிறகு சட்டம் படித்தார், வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரி அணிக்குக் கோச்சாகவும் இருந்தார்.

உங்கள் பழைய மாணவர்களிடம் தோர்ப் கதையைச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது வெல்ச் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.