தீர்ப்பு வந்த பிறகு புதுச் சட்டம்: வென்ற வழக்கு வீணாகுமா?

கேள்வி: மாநில அரசுத் துறையொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். தற்காலிகப் பணிக்காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குக் கணக்கிட வேண்டும் என்று எனக்கும் என்னுடன் வழக்குத் தொடுத்த 12 பேருக்கும் சாதகமாக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலுவைத் தொகை கைக்கு வருவதற்குள் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை முன்தேதியிட்டு நிறைவேற்றி, 'எந்த நீதிமன்றத் தீர்ப்பில் என்ன கூறியிருப்பினும்' அந்தக் காலம் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. இப்படிச் செய்ய முடியுமா? நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாமா?

பதில்: முன்தேதியிட்டுச் சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு, ஆனால் நீதிமன்றத் தீர்ப்பின் மீது மேல்முறையீட்டு மன்றம்போல் அமர்ந்து, 'இந்தத் தீர்ப்பு செல்லாது' என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. உங்கள் வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டில்தான் நிற்கிறது.

அந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் 1969-இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் வரைந்தது. ஒரு தீர்ப்பு எந்தச் சட்ட நிலையை அடிப்படையாகக் கொண்டு வழங்கப்பட்டதோ அந்த அடிப்படையையே சட்டமன்றம் மாற்றி, மாறிய நிலையில் நீதிமன்றமே அப்படியொரு தீர்ப்பைத் தந்திருக்க முடியாது என்ற நிலை வந்தால்தான் அந்தச் சட்டம் நிற்கும். தீர்ப்பு சுட்டிய குறையைச் சரிசெய்யாமல், அது கட்டுப்படுத்தாது என்று மட்டும் எழுதிவைத்தால் நிற்காது. முல்லைப் பெரியாறு விவகாரத்தில் நடந்ததும் இதுவே. நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த 2006-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த சில வாரங்களிலேயே, 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரளம் சட்டம் இயற்றியது. அது அதிகாரப் பிரிவினைக்கு, அதாவது சட்டமன்றமும் நீதிமன்றமும் ஒன்றின் அதிகாரத்தில் மற்றொன்று தலையிடக்கூடாது என்ற கோட்பாட்டுக்கு, முரணானது என்று கூறி 2014-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்களின் வழக்கு. போனஸ் ஒப்பந்தப்படி பணம் தரவேண்டும் என்று 1976-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது ஒப்பந்தத்தையே மாற்றி நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இனி மேல்முறையீடு எதற்கு என்று கழகம் அதைத் தொடராமல் விட்டுவிட்டது. அந்த அவசரம் அவர்களுக்கே வினையாக முடிந்தது: 1978-இல் மதன் மோகன் பாடக் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, இறுதியாகிவிட்ட தீர்ப்பு கழகத்தைக் கட்டுப்படுத்தும் என்றது. ஆகவே நான் உங்களிடம் முதலில் கேட்க விரும்புவது, அரசு மேல்முறையீடு செய்ததா, செய்திருந்தால் அது என்ன ஆயிற்று என்பதே. தீர்ப்பு இறுதியாகிவிட்டிருந்தால் உங்கள் நிலை வலுவானது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அந்த அமர்வு புதிய சட்டத்தையும் கருத்தில் கொண்டே தீர்ப்பளிக்கும் என்பதால், சட்டத்தின் செல்லுபடியை நீங்கள் தனியே எதிர்த்தாக வேண்டும்.

அதிகாரப் பிரிவினையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓய்வூதியம் அரசு மனமுவந்து தரும் கொடையன்று, ஊழியரின் உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கு தெளிவுபடுத்திவிட்டது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தை முன்தேதியிட்டுக் குறைத்த ரயில்வே விதிகளை 1997-இல் ரங்கதாமையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. அரசியலமைப்பில் சமத்துவத்தைப் பேசும் 14-ஆவது உறுப்பும், அரசுப் பணியில் சமவாய்ப்பைப் பேசும் 16-ஆவது உறுப்பும் அதற்கு ஆதாரமாயின. இவற்றுடன் சொத்துரிமைக்கான 300-அ உறுப்பையும் மனுவில் சேருங்கள். வழக்குத் தொடுக்காத உங்கள் சக ஊழியர்களின் நிலை வேறு. அவர்கள் கையில் தீர்ப்பு இல்லாததால், அடிப்படை உரிமை வாதம் மட்டுமே அவர்களுக்கு மிஞ்சும்.

அவமதிப்பு வழக்கை முதலில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். 'சட்டம் மாறிவிட்டது' என்று அதிகாரி பதில் மனுவில் ஒரு வரி எழுதினால், அவர் வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லை என்று நிறுவுவது கடினமாகிவிடும். 226-ஆவது உறுப்பின் கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து, திருத்தச் சட்டத்தின் அந்தப் பிரிவு உங்களைப் பொறுத்தவரை செல்லாது என அறிவிக்கவும், தீர்ப்பை நிறைவேற்ற உத்தரவிடவும் கோருங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலும், திருத்தச் சட்டம் வெளியான அரசிதழும் கட்டாயம் வேண்டும். அச்சட்டம் ஏன் கொண்டுவரப்படுகிறது என்று மசோதாவுடன் அரசு இணைக்கும் நோக்க விளக்கவுரையையும் தேடி எடுங்கள். உங்கள் தீர்ப்பைக் குறிப்பிட்டு, நிதிச்சுமையைத் தவிர்க்கவே இச்சட்டம் என்று அதில் எழுதியிருந்தால், நம் வாதத்தை அரசே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு இருப்பதால் அந்தத் தேதியை உங்கள் வழக்கறிஞர் குறித்துவைத்துக்கொள்ளட்டும். இதற்கிடையில் திருத்தச் சட்டப்படி குறைத்துக் கணக்கிட்ட தொகையை அலுவலகம் வழங்கினால், 'என் உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.