பயறுப் பயிர்களில் வேரழுகலை பாக்டீரியா தடுக்குமா?

உளுந்து, துவரையில் வரும் வேரழுகல், வாடல் நோய்களுக்கு பாக்டீரியா உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். வராமல் தடுக்க உதவும். வாடிய செடியை மீட்காது.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, இந்த நோய்களை உண்டாக்கும் பூஞ்சைக்கு முன்பே இளவேரில் குடியேறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்பைக் கவ்வும். பூஞ்சை இரும்பில்லாமல் திணறும். பூஞ்சையை ஒடுக்கும் வேதிப்பொருள்களையும் வெளியிடும், செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும்.

யார் முந்துகிறார் என்பதுதான் விஷயம் என்பதால் விதை நேர்த்தியே என் முதல் தேர்வு: கிலோ விதைக்கு 10 கிராம் பாக்டீரியாத் தூளைக் கலந்து, நிழலில் உலர்த்தி உடனே விதைப்பு. மண்ணுக்கு என்றால் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை மட்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரம் இருக்கும்போது இடுங்கள். தாமிர மருந்துகளோடு கலக்காதீர்கள், தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும். காலாவதியான பாக்கெட்டும் வெறும் தூள்தான்.