கை நீட்டாத மாப்பிள்ளை

கேள்வி: என் தங்கை தனியார் பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஆறு ஆண்டுகள். நான்கு வயதில் ஒரு மகள். மாப்பிள்ளை குடிப்பதில்லை, அடித்ததும் இல்லை. ஆனால் அவளுடைய சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவரிடம் இருக்கிறது. செலவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவள் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுத வேண்டும்; ஒரு பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன். என்னோடு பேசும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். சென்ற மாதம் ஏதோ வாக்குவாதத்தில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போய்விட்டாராம். அப்பாவோ, "கை நீட்டாத மாப்பிள்ளை கிடைத்ததே பெரிது" என்கிறார். வீடு மாமியார் பெயரில் உள்ளது. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் 30, பச்சை மிளகாய் 10, பென்சில் 5 என்று ஆசிரியைக்கே உரிய ஒழுங்கான கையெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்க, "பூ 20" என்பதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "எதற்கு?" என்று கேட்கப்பட்டிருக்கிறது. மாதம் முழுவதும் நின்றுகொண்டே பாடம் நடத்திச் சம்பாதிக்கும் பெண், இருபது ரூபாய்ப் பூவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இது குடும்ப வன்முறைதான்.

இதை என் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அடி உதையோடு பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை ஆகியவற்றையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அதன் விதிகளில் உள்ள முதல் படிவத்தில், புகார் தரும் பெண் குறிக்க வேண்டிய வரிகள் சில அச்சிடப்பட்டிருக்கின்றன: சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, சம்பளத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, வீட்டைவிட்டு வெளியே போக விடாமல் தடுப்பது, குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க விடாமல் தடுப்பது. உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது, அல்லவா? அப்பாவிடம் வாதாடுவதைவிட அந்தப் படிவத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது மேல்.

வீடு மாமியார் பெயரில் இருப்பதைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. மனைவியாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை 17ஆம் பிரிவு தருகிறது. அந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது சட்டம் சொல்லும் 'கூட்டுக் குடியிருப்பு', அதாவது அவள் குடியிருக்க உரிமையுள்ள வீடு, ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே உரிய சட்ட நடைமுறை இல்லாமல், "இது என் வீடு, வெளியே போ" என்று அவளைத் தள்ளிவிட முடியாது. போட்ட நகையும் அவளுடையதே. அதைத் திருப்பித் தருமாறு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆணையிடலாம்.

மாப்பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவோமோ என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கக்கூடும். இந்தச் சட்டத்தின்படி முதலில் கிடைப்பவை பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், குழந்தையின் பொறுப்பு ஆகியவை பற்றிய ஆணைகள்தாம். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற கட்டம் வரும். கொடுமை செய்யும் கணவருக்கான குற்ற வழக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் தனியே இருக்கிறது.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியாக, இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் அவரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தருபவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், அக்காவான உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினால், தங்குமிடமும் ஆலோசனையும் சட்ட உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கான எண் 15100.

ஆனால் இவற்றில் எதையும் தங்கைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். உறவினர்களைக் கூட்டிப் பஞ்சாயத்துப் பேசுவதை நான் அறவே விரும்பவில்லை. பேசிவிட்டு எல்லோரும் காப்பி குடித்துக் கிளம்பிய பிறகு, அன்றிரவு அதே வீட்டில் படுக்கப் போகிறவள் அவள். அதற்குப் பதிலாக மதிய இடைவேளையில் பள்ளிக்கே போய் அவளைப் பாருங்கள். கணவர் எப்போதாவது கழுத்தைப் பிடித்தாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றாரா என்று நேராகக் கேளுங்கள். ஒன்றுக்கேனும் ஆம் என்றால் நாள் கடத்தாமல் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள்; ஆபத்து கண்முன் நிற்கும் வேளையில் 112.

இல்லையென்றால் அவசரப்படாமல் ஆயத்தம் செய்யலாம். அவளுடைய பட்டச் சான்றிதழ்கள், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றின் மூலங்களையோ நகல்களையோ ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கு நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து, அவள் போனில் விட்டுவைக்காமல் உங்களிடம் வைத்திருங்கள். அது நல்ல சான்று. வேறு வங்கியில் அவள் பெயரில் புதிய கணக்குத் தொடங்குவதும் நல்லதே. சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லிப் பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதை மட்டும் கடைசியாக, அவளும் குழந்தையும் பாதுகாப்பான ஏற்பாட்டில் இருக்கும்போது செய்யுங்கள். பழைய கணக்கில் பணம் வந்து சேராத அந்த முதல் மாதத்தில்தான் அவர் என்ன செய்வார் என்பதை யாராலும் சொல்ல முடியாது.