கப்பலில் ஒரு செமஸ்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

கல்லூரியில் ஒரு செமஸ்டரைக் கப்பலில் படித்தேன் என்று போன வாரம் எழுதியதற்கு நாற்பதுக்கும் மேல் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கோவையில் வளர்ந்து, இளங்கலைக்கு அமெரிக்கா போய், மூன்றாம் ஆண்டில் கப்பல் ஏறினேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு தந்தை, ஈரோடு: கப்பலில் கல்லூரி என்பது உண்மைதானா? சுற்றுலாவுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா?

உண்மைதான் ஐயா. 'செமஸ்டர் அட் சீ' என்பது திட்டத்தின் பெயர். 1963 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து 'செவன் சீஸ்' என்ற கப்பலில் முதல் பயணம் கிளம்பியது. அப்போது 'யுனிவர்சிட்டி ஆஃப் த செவன் சீஸ்' என்று அழைத்தார்கள். பிறகு ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். துங் இதில் ஆர்வம் கொண்டார். உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பலாக இருந்த 'குயின் எலிசபெத்'தை வாங்கி, அதை மிதக்கும் பல்கலைக்கழகமாக்க ஆசைப்பட்டார். வேலை முடியும் தறுவாயில், 1972 ஜனவரியில், ஹாங்காங் துறைமுகத்தில் அது தீப்பற்றிச் சாய்ந்தது. அவர் விட்டுவிடவில்லை. சிறிய கப்பல் ஒன்றைக் கொடுத்தார், படிப்பு தொடர்ந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு.

கப்பலுக்குத் தனியாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம்தான் மதிப்பெண்ணுக்குப் பொறுப்பு. பிட்ஸ்பர்க், வர்ஜீனியா என்று கைமாறி, 2016 முதல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. நான் போனது 'எம்.வி. எக்ஸ்ப்ளோரர்'. 2015-இல் 'வேர்ல்ட் ஒடிசி' வந்தது. அது முன்பு 'டாய்ச்லாண்ட்' என்ற ஜெர்மன் உல்லாசக் கப்பல்.

ஒரு பயணம் ஏறக்குறைய நூறு நாள், பத்து நாடுகளுக்கு முன்னே பின்னே. கடலில் இருக்கும் நாளெல்லாம் வகுப்பு, ஞாயிறும் சேர்த்து. கரையில் வகுப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் பேராசிரியரோடு ஒரு நாள் களப்பணி உண்டு. ஊர் பார்க்கத்தான் இந்தப் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்வது வேறு: ஊர்களுக்கு நடுவில் இருக்கும் கடல் நாள்கள்தான் படிப்பு. கேப் டவுனில் பார்த்ததை அடுத்த பத்து நாள் உட்கார்ந்து பேச, வாசிக்க, சண்டை போட வேறெந்த வெளிநாட்டுப் படிப்பிலும் நேரம் கிடைக்காது.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, வாந்தி வருமா?

முதல் மூன்று நாள் வரலாம்மா. வெறும் வயிற்றோடு இருக்காதே. தொடுவானத்தைப் பார், புத்தகத்தையும் போனையும் பார்க்காதே. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை; டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். எங்களுக்குச் சாப்பாட்டு அறையில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். நான் அம்மா கொடுத்த இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன்.

அலை அதிகமான நாளில் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரிப்பார்கள், தட்டு வழுக்காது. நூலக அலமாரியில் புத்தகம் விழாமல் குறுக்கே கம்பி இருக்கும். பேராசிரியர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பலகையில் எழுதுவார். நாலு நாளில் நாமும் கப்பலோடு சாய்ந்து நடக்கப் பழகிவிடுவோம்.

பிளஸ் டூ மாணவர், நாகப்பட்டினம்: இதை முடித்தால் கப்பலில் வேலை கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. இது கப்பல் ஓட்டும் படிப்பு இல்லை. வரலாறு, பொருளாதாரம், உயிரியல் மாதிரி பாடங்களைக் கப்பலில் வைத்து நடத்துவது. உனக்கு வேண்டியது மெர்ச்சன்ட் நேவி. அதற்கு இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது; தலைமையகம் சென்னையில்தான். எந்தக் கல்லூரியில் பணம் கட்டும் முன்பும் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று நீயே பார். ஏஜென்ட் காட்டும் காகிதத்தை நம்பாதே.

இளைஞர், மதுரை: செலவு எவ்வளவு?

டாலரில் ஐந்து இலக்கம். எனக்குப் பாதிக்கு மேல் உதவித்தொகை கிடைத்தது, மீதிக்குக் கப்பலிலேயே பகுதிநேர வேலை பார்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும் என்பதால் அவர்களிடமே கேளுங்கள்.

முதுகலை மாணவர், டெக்சஸ்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு என்ன சிக்கல்?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். என் அறைத்தோழி அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு இரண்டு விசா எடுத்தாள். நான் அதைப் போல மூன்று மடங்கு எடுத்தேன். ஒரு தூதரகத்தில் என் பாஸ்போர்ட் ஐந்து வாரம் மாட்டிக்கொண்டது. அதனால் மற்ற விசாக்கள் எல்லாம் தள்ளிப்போய், கடைசி விசா நான் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் வந்தது. ஒரே பாஸ்போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு தூதரகத்துக்கு அனுப்ப முடியாதல்லவா? எனவே எது நாளாகும், எது சீக்கிரம் வரும் என்று வரிசை போடுங்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அமெரிக்காவுக்குத் திரும்பி வருவது. உங்கள் எஃப்-1 மாணவர் விசா திரும்பும் தேதியிலும் செல்லுபடியாக வேண்டும், பலமுறை நுழையும் அனுமதி இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்குங்கள். படிப்பில் இருப்பவருக்கு அது ஒரு வருடம்தான் செல்லும். ஐரோப்பாவில் கப்பல் ஏறும் பயணம் என்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் சேரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். முன்பதிவுப் பணம் கட்டுவதற்கு முன்பே.

மாணவர், சேலம்: கரையில் ஊர் சுற்ற எவ்வளவு நேரம் கிடைக்கும்?

நாலைந்து நாள். ஆனால் கப்பல் ஏற வேண்டிய நேரம் என்று ஒன்று எழுதிப் போட்டிருப்பார்கள். அதை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். சில நிமிடம் தாமதித்தால்கூட அடுத்த துறைமுகத்தில் பல மணி நேரம் கப்பலை விட்டு இறங்க விடமாட்டார்கள். ரொம்பத் தாமதமானால் கப்பல் போயே போய்விடும். அடுத்த ஊருக்கு உங்கள் காசில் விமானம், அதற்கும் விசா. எங்கள் பயணத்தில் ஒரு பையன் ஹோ சி மின் நகரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஏணியை எடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செருப்பில்லாமல் ஓடி வந்தான். கடைசி நாளில் வெளியூர் போகாதீர்கள்.

மாணவர், காரைக்குடி: ஒரே தேதி இரண்டு முறை வந்தது என்று எழுதியிருந்தீர்களே, எப்படி?

ஜப்பானில் கோபேயை விட்டு ஹவாய்க்குப் போகும் வழியில், பசிபிக் நடுவில், சர்வதேசத் தேதிக்கோட்டை, அதாவது தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோட்டை, கிழக்கு நோக்கிக் கடந்தோம். செவ்வாய்க்கிழமை தூங்கி எழுந்தால் மறுபடியும் செவ்வாய்க்கிழமை, அதே தேதி. என் பக்கத்து அறைப் பெண்ணுக்கு அன்று பிறந்தநாள். இரண்டு நாளும் பாட்டுப் பாடினோம்.

வாசகர், சிங்கப்பூர்: தவறான தகவல். கிழக்கே போனால் நாள் குறையும். ஒவ்வொரு இரவும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினோம் என்று நீங்களே போன வாரம் எழுதினீர்கள். நாளுக்கு 23 மணி நேரம் என்றால் கூடுவது எங்கிருந்து வரும்?

அங்கிருந்துதான் வருகிறது. சீட்டுப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போகும் கப்பலில் அவ்வப்போது ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டே வருகிறோம். உலகம் முழுக்கச் சுற்றினால் 24 மணி கட்டியிருப்போம். தேதிக்கோட்டில் அந்த 24 மணியும் மொத்தமாகக் கைக்கு வருகிறது. மேற்கே போகிறவர்களுக்குத் தலைகீழ்: கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே போய், ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ஒரு தேதி காணாமல் போகும்.

எண்களிலேயே சரிபார்க்கலாம். ஜப்பான் நேரம், உலகம் அளவாக வைத்திருக்கும் கிரீன்விச் நேரத்துக்கு 9 மணி முன்னால், ஹவாய் 10 மணி பின்னால். வித்தியாசம் 19. நாங்கள் வழியில் ஐந்து இரவு ஒரு மணி வீதம் முன்னே தள்ளினோம், ஒரு நாளைத் திரும்பப் பெற்றோம். 24-இல் 5 போனால் 19.

அதே வாசகர்: மெகல்லனின் ஆட்கள் உலகைச் சுற்றி வந்தபோது ஒரு நாளை இழந்தார்களே? சுற்றினால் நாள் போகும் என்பதற்கு அதுதான் சாட்சி.

அவர்கள் மேற்கே போனார்கள். 1522 ஜூலையில் 'விக்டோரியா' கப்பல் கேப் வெர்டே தீவுகளில் நின்றபோது, கப்பல் குறிப்பேட்டில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. கப்பலில் நாள் தவறாமல் குறிப்பு எழுதி வந்த பிகாஃபெட்டா என்ற பயணி குழம்பிப் போனார். தேதிக்கோடு என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. அதனால் அந்த ஒரு நாள் வித்தியாசம் பயணக் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. நீங்கள் காட்டும் சாட்சி என் பக்கம்தான் நிற்கிறது.

ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர், தூத்துக்குடி: அந்தம்மா சொல்வது சரி. நான் பசிபிக்கைப் பலமுறை தாண்டியவன். கிழக்கே போகும்போது ஞாயிறு இரண்டு முறை வந்தால் எங்கள் கப்பலில் இரண்டு நாளும் பிரியாணி. மேற்கே போகும்போது ஞாயிறு காணாமல் போனால் சமையல்காரரோடு பஞ்சாயத்து.

நன்றி ஐயா. இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் வாசகர்: சரி, திசை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழ்ந்த நேரம் யாருக்கும் கூடவில்லை, குறையவில்லை. அப்படியானால் 'ஒரு நாள் கூடுதல்' என்பது வெறும் காகிதக் கணக்குதானே?

நல்ல கேள்வி. மணிக்கணக்கில் ஒன்றும் கூடாது. ஆனால் வெறும் காகிதமும் இல்லை. கிழக்கே சுற்றி வந்தவர், ஊரிலேயே இருந்தவரை விட ஒரு சூரிய உதயம் கூடுதலாகப் பார்த்திருப்பார். மேற்கே போனவர் ஒன்று குறைவாக. ஒவ்வொரு பகலும் கொஞ்சம் சுருங்கினது, அதனால் எண்ணிக்கையில் ஒன்று ஏறியது.

மாணவி, வேலூர்: எனக்குப் பயணமென்றாலே வாந்தி வரும், கப்பலில் போகலாமா?

மேலே திருச்சி மாணவிக்குச் சொன்னதுதான்.

ஒரு தாய், சென்னை: பெரிய அலை வந்தால் என்னாகும்? தனியாகப் பெண்ணை அனுப்பலாமா?

மறைக்காமல் சொல்கிறேன் அம்மா. நான் ஏறியதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2005 ஜனவரி 26 அன்று, இதே எக்ஸ்ப்ளோரரை வட பசிபிக்கில் சுமார் 50 அடி அலை ஒன்று அடித்தது. கப்பலைச் செலுத்தும் அறையின் கண்ணாடி உடைந்து தண்ணீர் புகுந்து, என்ஜின்கள் நின்றன. பிறகு இயக்கி, ஹொனலுலுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடல் என்றால் இது உண்டு. ஆனால் என் அனுபவத்தில் கடலை விடக் கரைச் சாலைதான் ஆபத்து. இரவில் வேன் பிடித்து நெடுந்தூரம் போகாதே என்று பெண்ணிடம் சொல்லி அனுப்புங்கள். தாராளமாக அனுப்புங்கள்.

இளைஞர், ஓசூர்: கப்பல் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

நாகப்பட்டினம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். இதற்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

மாணவர், கோவை: சைவச் சாப்பாடு?

கிடைக்கும். தினமும் பாஸ்தா தின்னத் தயாராக இருங்கள். ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

மாணவி, புதுச்சேரி: அக்கா, உங்கள் கப்பல் சென்னைக்கும் வந்ததாமே? சொந்த ஊருக்குக் கப்பலில் வந்து இறங்குவது எப்படி இருந்தது?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

கேப் டவுனிலிருந்து நெடும் பயணம். நடுவில் பூமத்திய ரேகையைத் தாண்டும் நாளில் பழைய மாலுமி வழக்கப்படி பாதிப் பேர் மொட்டை போட்டுக்கொண்டார்கள், பெண்களும்தான். மாரியம்மன் கோவிலில் மொட்டை பார்த்து வளர்ந்த எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. அதுவரை கடிகாரத்தை முழு மணியாகத் தள்ளி வந்தவர்கள், சென்னை நெருங்கும்போது அரை மணி தள்ளினார்கள். அது ஏன் என்று எல்லோரும் என்னிடம் வந்து கேட்டார்கள். அப்போதுதான் ஊர் வந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

கப்பல் சலவைப் பிரிவில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கலங்கரை விளக்கமும், அப்புறம் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரமும் மெல்ல மெல்லப் புலப்பட்டன. அவர் ஐந்து நிமிடம் ஓய்வு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அன்று அவருக்கு இறங்க அனுமதி இல்லை, முழு நாளும் டூட்டி. "உனக்கு ஏதாவது வேணுமாண்ணே?" என்று கேட்டேன். "இன்னைக்குத் தேதி போட்ட தினத்தந்தி ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்றார்.

துறைமுக வாசலுக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். கோவையிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்தார்கள். மொட்டைத் தலை நண்பர்கள் ஆறு பேரை அவர்களோடு ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். இலையில் ரசம் ஓடாமல் பிடிக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா சோற்றில் குழி வெட்டிக் காட்டினாள். நூறு நாள் படிப்பில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அன்றைக்குத்தான்.

சாயங்காலமே கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். கீழ்த்தளத்தில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். பேப்பரைக் கொடுத்தேன். கையை வேட்டியில் துடைப்பது போல் சீருடையில் துடைத்துவிட்டு வாங்கி, தலைப்புச் செய்தியைப் பார்க்காமல் நேராகத் தூத்துக்குடி மாவட்டச் செய்தி இருக்கிறதா என்று புரட்டினார். அது சென்னைப் பதிப்பு. "பரவாயில்லம்மா" என்று சொல்லி, இரண்டாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்க எடுத்துப் போனார்.