கரண்ட் போனால் கேஷில் இருந்தது என்ன ஆகும்? ரெய்டு கேள்வி பதில்

கோலாலம்பூரில் சின்ன அலுவலகங்களுக்கு சர்வர் போட்டுக் கொடுப்பது என் தொழில். ரெய்டு (ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைப்பது), ரைட் கேஷ் (எழுத வேண்டியதை டிஸ்க்கில் ஏற்றும்வரை வைத்திருக்கும் மெமரி) பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

செந்தூல், கணக்காளர்: சாயங்கால இடிமழையில் கரண்ட் போனது சார். திரும்ப வந்தபின் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. நாலு டிஸ்க், ரெய்டு 5, எல்லாமே பச்சை விளக்கு. டிஸ்க் கெடாமல் டேட்டா மட்டும் எப்படிக் கெடும்?

டிஸ்க் செத்தால் காப்பாற்றத்தான் ரெய்டு. கரண்ட் போவதை அது பார்த்துக்கொள்ளாது. ரைட்-பேக் முறையில், கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நடத்தும் கார்டு) டேட்டாவைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் எழுதுவது அப்புறம்தான். அதற்குள் கரண்ட் போனால், டேட்டாபேஸ் பத்திரம் என்று நம்பிய பதிவு எங்கேயும் இருக்காது. வரிசையும் மாறியிருக்கலாம். பின்னால் வந்தது டிஸ்க்கில் ஏறி, முன்னால் வந்தது தொலைந்திருந்தால் டேட்டாபேஸ் குழம்பத்தான் செய்யும்.

இன்னொன்று, எனக்கு அதிகம் பயம் இதில்தான். டேட்டா எழுதி முடிந்து, அதன் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் பதிவு) எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. விளக்கு பச்சையாகவே எரியும். பல மாதம் கழித்து ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க் போட்டு ரீபில்ட் செய்யும்போது, அந்தப் பாரிட்டியை வைத்துத் தப்பான டேட்டாவைக் கட்டிக் கொடுக்கும். கரண்ட் போய் வந்ததும் ஒருமுறை கன்சிஸ்டென்சி செக் (டேட்டாவும் பாரிட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கிளினிக்: எங்கள் கன்ட்ரோலரில் பேட்டரி இருக்கிறது அண்ணே. அப்போது கவலை இல்லைதானே?

பாதிக் கவலை போச்சு. அந்த பேட்டரி கன்ட்ரோலரின் மெமரிக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் 64, 128, 256 எம்பி என்று தனியாக ஒரு கேஷ் உண்டு. டிஸ்க் "வாங்கிக்கொண்டேன்" என்றதும் கன்ட்ரோலர் தன் காப்பியை விட்டுவிடும். அந்த நேரம் கரண்ட் போனால் பேட்டரியால் ஒன்றும் செய்ய முடியாது. கன்ட்ரோலர் செட்டிங்கில் டிஸ்க் கேஷ் பாலிசியைத் தேடி அணைத்து வையுங்கள்.

பேட்டரிக்கும் வயசாகும், அதுவும் ஏர்கான் இல்லாத ஸ்டோர் ரூமில் சீக்கிரமே. பேட்டரி செத்தால் கன்ட்ரோலர் தானாக ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே "எழுதியாச்சு" என்று சொல்லும் முறை) மாறிவிடும். சர்வர் மெதுவாகும், டேட்டா பத்திரம். ஆனால் "மெதுவாக இருக்கிறது" என்று யாராவது ரைட்-பேக்கைக் கட்டாயமாகப் போட்டுவிட்டால் வந்தது வினை. புதிதாக வாங்குவதானால் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்து, கேஷை ஃப்ளாஷில் இறக்கிவிடும் மாடலைக் கேளுங்கள். தீபாவளி லீவு முழுக்க கரண்ட் இல்லாவிட்டாலும் தாங்கும்.

லெபோ அம்பாங், நகைக்கடை: சில மாதத்துக்கு ஒருமுறை சர்வர் சில மணி நேரம் மந்தமாகி, தானாகச் சரியாகிவிடுகிறது.

அநேகமாக கன்ட்ரோலரின் பேட்டரி தன்னைச் சோதித்துக்கொள்கிறது. முழுக்க வடிந்து மறுபடி சார்ஜ் ஏறும்வரை ரைட்-த்ரூவில்தான் ஓடும். இரவு நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

ராவாங், ஸ்டூடியோ: யுபிஎஸ் போட்டால் போதாதா?

போடுங்கள், யுஎஸ்பி கேபிளையும் சர்வரில் மாட்டி, தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் சர்வரின் பவர் சப்ளை வெடித்தாலோ, கூட்டுகிற அம்மா பிளக்கை இழுத்தாலோ யுபிஎஸ் உதவாது.

பினாங்கு, மாணவர்: இசட்எஃப்எஸ் போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்கிறார்களே அண்ணா?

பாரிட்டித் தொல்லை இல்லை என்பது சரி. இசட்எஃப்எஸ் என்பது ரெய்டு வேலையையும் தானே செய்யும் ஃபைல் சிஸ்டம். பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டு, கடைசியில்தான் அதற்கு மாறும். ஆனால் ஃப்ளஷ் கட்டளை ("கேஷில் இருப்பதை உடனே டிஸ்க்கில் எழுது" என்பது) கொடுத்ததும் எழுதாமலேயே "ஆச்சு" என்று பொய் சொல்லும் டிஸ்க் இருந்தால் அதுவும் ஏமாறும். எஸ்எஸ்டி வாங்கினால் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவான மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. டேட்டா எதுவும் ஏற்றுவதற்கு முன் நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ் கட்டளையோடு எழுதச் சொல்லி, "ஆச்சு" என்று வந்த ஒவ்வொரு பதிவின் எண்ணையும் நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டே போங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி ஆன் செய்து, குறித்த எண்ணெல்லாம் டிஸ்க்கில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.