ஃப்யூயல் செல் மெம்ப்ரேனும் அதுக்குள்ள ஓடுற ப்ரோட்டானும்: உங்க கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: நான் பண்ணின சல்ஃபோனேட்டட் பீக் (ஆசிட் க்ரூப் ஒட்டின PEEK பாலிமர்) மெம்ப்ரேன்ல ஐஇசி, அதாவது கிராமுக்கு எவ்ளோ ஆசிட் க்ரூப்ன்ற அளவு, வழக்கமா எல்லாரும் ஒப்பிடுற நாஃபியான் மெம்ப்ரேனை விட நல்லாவே ஜாஸ்தி. ஆனா ப்ரோட்டான் கண்டக்டிவிட்டி கம்மியா வருது. ஆசிட் அதிகம்னா கண்டக்டிவிட்டியும் ஏறணும்தானே?

பதில்: இது நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஆசிட் எவ்ளோ இருக்குன்றது பாதி விஷயம்தான், அது எப்படி சேர்ந்து நிக்குதுன்றதுதான் மீதி. நாஃபியான் 117-ல ஐஇசி கிராமுக்கு வெறும் 0.91 மில்லி ஈக்விவலன்ட், ஆனா அதோட முதுகெலும்பு, அதாவது பாலிமரோட மெயின் செயின், டெஃப்லான் மாதிரி, தண்ணியை சுத்தமா ஒதுக்கும், ஆசிட் க்ரூப்போ வளையுற சைடு செயின் நுனியில இருக்கு, அதனால தண்ணி பிடிக்கிற பகுதியும் பிடிக்காத பகுதியும் தெளிவா பிரிஞ்சு, சில நானோமீட்டர் அகலத்துல தண்ணி வழிகள் ஒண்ணோடொண்ணு கோத்துக்கிட்டு ஓடும். பீக்ல ஆசிட் நேரா விறைப்பான பென்சீன் வளையத்துலயே ஒட்டியிருக்கு, முதுகெலும்பும் தண்ணியை அந்த அளவுக்கு வெறுக்கல. பிரிவு மங்கலாயிடும், வழிகள் குறுகலா கிளை கிளையா போய் பல இடத்துல முட்டுச்சந்தா நின்னுடும். ப்ரோட்டானுக்கு சந்து இருந்து என்ன பண்றது, வெளிய போக வழி வேணுமே! இதுக்காக சல்ஃபோனேஷனை இன்னும் ஏத்தாதீங்க, சுடுதண்ணில ஊதிப்போகும், ரொம்ப ஏத்தினா கரைஞ்சே போயிடும். சைடு செயின் நுனிக்கு ஆசிட்டை தள்ளுறது, இல்ல ப்ளாக் கோபாலிமரா (ஆசிட் உள்ள நீளத் துண்டும் இல்லாத துண்டும் கோத்த பாலிமர்) பண்றது, இந்தப் பக்கம் யோசிங்க.

கேள்வி: ஈரப்பதம் குறைஞ்சதும் கண்டக்டிவிட்டி ஏன் இப்படி சரியுது?

பதில்: தண்ணி குறையும்போது வழி சுருங்குது, சில இணைப்பு அறுந்தே போகுது. நாஃபியான் தண்ணில முழுசா ஊறினா ஒரு சல்ஃபோனிக் க்ரூப்புக்கு 22 தண்ணி மூலக்கூறு வரைக்கும் இருக்கும், அப்ப ப்ரோட்டான் ஒரு தண்ணில இருந்து அடுத்ததுக்கு தாவித் தாவி போகும், இதுதான் க்ரோட்டஸ் முறை. மூணு நாலு மூலக்கூறுன்னு இறங்கிட்டா தாவ ஆளில்ல, ஹைட்ரோனியமா (ப்ரோட்டான் ஒட்டின தண்ணி மூலக்கூறு) தண்ணியையும் இழுத்துக்கிட்டு நகரணும், அது மெதுவு, சல்ஃபோனேட்டும் கிட்ட நின்னு பிடிச்சு வைக்கும். ஆக்விவியான் மாதிரி சைடு செயின் குட்டையா இருக்கிற மெம்ப்ரேன் எடுத்தா கிரிஸ்டல் பகுதி கூட இருக்கிறதால மெம்ப்ரேன் பலம் போகாமலே ஆசிட்டை கூட்டலாம், காய்ஞ்ச நிலைல கொஞ்சம் தாங்கும்.

கேள்வி: நாஃபியான் 212-ல கண்டக்டிவிட்டி 117-ஐ விட அதிகமா?

பதில்: இல்லங்க, ரெண்டும் ஒரே கெமிஸ்ட்ரி, தடிமன்தான் வேற. கண்டக்டிவிட்டி செ.மீ.-க்கு 0.1 சீமன்ஸ்னு வச்சுக்குவோம். சுமார் 50 மைக்ரான் 212-க்கு ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் சதுர செ.மீ., 180 மைக்ரான் 117-க்கு 0.18. சதுர செ.மீ.-க்கு 1 ஆம்பியர் ஓடினா 50 மில்லிவோல்ட், 180 மில்லிவோல்ட் இழப்பு. பதிலுக்கு மெல்லிசுல ஹைட்ரஜன் ஜாஸ்தி கசியும்.

கேள்வி: என் நம்பர் பேப்பர்ல இருக்கிறதோட ஒத்துப்போகல. அளவெடுக்கிறதுல தப்பா?

பதில்: முதல்ல தடிமனை எப்ப அளந்தீங்கன்னு பாருங்க, காய்ஞ்சப்போ அளந்து ஈரத்துல ஓட்டினா, ஊறின தடிமன் கணிசமா கூடியிருக்கும், கணக்கு அங்கேயே போச்சு. அடுத்து, நாலு ப்ரோப் வச்சு எடுக்கிறது பொதுவா தளத்தோட போற கண்டக்டிவிட்டி, செல்லுல வேணும்கிறது குறுக்க போறது, வழிகள் ஒரு திசைல சாய்ஞ்சிருக்கிற மெம்ப்ரேன்ல ரெண்டும் வேற வேற நம்பர் தரும். மெம்ப்ரேனை ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் சல்ஃப்யூரிக் ஆசிட், நடுவுல சுத்தமான தண்ணினு கொதிக்க வச்சீங்களா? சோடியம், இரும்பு அயனி ஒட்டியிருந்தா ப்ரோட்டான் இடத்தை அது பிடிச்சுக்கும். இதையெல்லாம் எழுதாம வெறும் நம்பர் மட்டும் போடுற பேப்பரோட ஒப்பிட்டு மனசு உடையாதீங்க.

கேள்வி: 150 டிகிரில எந்த மெம்ப்ரேன் ஓடும்?

பதில்: பாஸ்பாரிக் ஆசிட் ஊறின பிபிஐ (பாலிபென்சிமிடசோல்னு சூடு தாங்குற பாலிமர்). அதுல தண்ணிக்கு பதிலா ஆசிட்டே ப்ரோட்டானை கைமாத்தும், ஈரம் ஏத்த வேண்டாம். ஆனா 100 டிகிரிக்கு கீழ திரவத் தண்ணி வந்துட்டா ஆசிட்டை அலசிட்டு போயிடும், அதனால அடிக்கடி அணைச்சு ஏத்துற வேலைக்கு இதை எடுக்காதீங்க.